பருவுக்குத் திரி வைத்தது யார்?

கி.பி. 400ஆம் ஆண்டு வாக்கில், ரோமப் பேரரசர் தியோடோசியஸிடம் வேலை பார்த்த மார்செல்லஸ் என்பவர் ஒரு மருத்துவப் புத்தகம் எழுதினார். ஆள் இன்றைய பிரான்ஸில் இருக்கும் போர்டோக்காரர். முகப்பருவுக்கு அவர் எழுதிவைத்த வைத்தியம் இதுதான்: ராத்திரி வானத்தைப் பார்த்துக்கொண்டே இரு. எரிநட்சத்திரம் ஒன்று விழும். அது விழுந்து முடிப்பதற்குள் கையில் கிடைத்த துணியை எடுத்துப் பருவைத் துடைத்துவிடு. நட்சத்திரம் வானத்திலிருந்து உதிர, பருவும் முகத்திலிருந்து உதிர்ந்துவிடும். வெறுங்கையால் மட்டும் தொட்டுவிடாதே, பரு கைக்குக் குடிவந்துவிடும்.

இதில் ஒரே சிக்கல், எரிநட்சத்திரம் நாம் சொன்ன நேரத்துக்கு விழாது. பதினாறு வயசுப் பையன் மொட்டை மாடியில் துண்டும் கையுமாக மார்கழி முழுக்க உட்கார்ந்திருந்தால் பரு போகிறதோ இல்லையோ, சளி பிடிக்கும். மார்செல்லஸ் தப்பான ஊரில் பிறந்துவிட்டார். அவர் மட்டும் சிவகாசி பக்கம் திருத்தங்கலில் ஒரு கிளினிக் போட்டிருந்தால் தீபாவளி ராத்திரி ஒன்றே போதும். 'டோக்கன் வாங்கினவங்க எல்லாம் துண்டோட வரிசையில நில்லுங்க, அடுத்த ராக்கெட் ஏறப் போகுது' என்று கம்பவுண்டர் கத்த, நிமிஷத்துக்குப் பத்து நட்சத்திரம் உதிர்ந்திருக்கும். மாவட்டத்தில் ஒரு பரு மிச்சம் இருந்திருக்காது.

ஆனால் அந்த மனுஷனைப் பார்த்துச் சிரிக்க விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு யோக்கியதை கிடையாது. நாம் சங்கை இழைத்துப் பூசியவர்கள். ஜாதிக்காயை உரசிப் பூசியவர்கள். விடியற்காலையில் பல் விளக்காத வாயிலிருந்து எச்சிலைத் தொட்டு வைத்தவர்கள். அது கேட்கவில்லை என்றதும் பல்லை விளக்கிவிட்டு அந்தப் பேஸ்ட்டையே தொட்டு வைத்தவர்கள். மாரியம்மன் கோயிலில் உப்பும் மிளகும் வாங்கிப் போட்டு, 'கரைச்சு விட்ரு தாயே' என்று கும்பிட்டுவிட்டு, வெளியே வந்ததும் எண்ணெய்ப் புரோட்டாக் கடைக்கு வண்டியைத் திருப்பியவர்கள். மார்செல்லஸாவது துணியோடு நிறுத்திக்கொண்டார்.

பழி போடும் படலம்

மனித குலம் பருவை ஆராய்ந்ததைவிட, பரு வந்தவனை விசாரித்ததுதான் அதிகம். ஒவ்வொரு காலமும் தனக்கு எது பிடிக்கவில்லையோ அதைக் காரணமாகச் சொன்னது.

ஐரோப்பாவில் 18, 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் பலர், முகத்தில் பருவோடு வந்த பையனைக் கண்டதும் நாடி பிடிக்காமல் அவனுடைய ராத்திரிப் பழக்கங்களை விசாரித்தார்கள். ஒரு கட்சி, அவன் தனியாக இருக்கும்போது ரொம்பக் கெட்டவன், அதனால்தான் பரு என்றது. இன்னொரு கட்சி, அவன் ரொம்ப நல்லவனாகவே இருப்பதுதான் கோளாறு, கல்யாணத்தைச் செய்து வைத்தால் தெளிந்துவிடுவான் என்றது. லண்டனில் பட்டம் வாங்கி, ஃபீஸும் வாங்கிக்கொண்டு சொன்ன இந்த யோசனையைச் சாத்தூரில் ஒரு பெரியம்மா வெற்றிலை மடித்துக்கொண்டே இலவசமாகச் சொல்வார்: 'கல்யாணம் ஆனா தன்னால போயிரும்டா.' போகவும் செய்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இருபதுகளில் பரு தானே அடங்குகிறது. அந்த வயசில்தான் தாலியும் ஏறுகிறது. வேலை பார்த்தது வயசு, பேர் வாங்கியது தாலி.

அடுத்த குற்றவாளி சூடு. வெயிலுக்குப் பேர்போன ஒரு மாவட்டத்தில் இது எவ்வளவு வசதியான விளக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. கண் எரிந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு, கோபம் வந்தால் சூடு, கணக்குப் பாடத்தில் பதினெட்டு மார்க் எடுத்தால் அதுவும் 'பயலுக்கு உடம்புல சூடு' என்பதால்தான். ஒரு சின்னக் கேள்வி கேட்கலாம்: சித்திரை மாசத்தில் அருப்புக்கோட்டையில் நிற்கிற எல்லோர் உடம்பும் சூடுதானே, பரு மட்டும் ஏன் சிலருக்கு? வியர்வையும் புழுக்கமும் வந்த பருவைக் கிளறிவிடும், உண்மைதான். ஆனால் வெயில் பருவைப் பெற்றுப் போடுவதில்லை.

மூன்றாவது, அழுக்கு. 'முகத்தைக் கழுவுறதே இல்ல' என்ற தீர்ப்பைக் கேட்ட பிள்ளை, ஒரு நாளைக்கு எட்டு முறை சோப்புப் போட்டு முகத்தைத் தேய்த்துத் தேய்த்து, தோலைக் காய வைத்து, இருந்த பருவைக் கோபப்படுத்தியது. மூக்கில் இருக்கும் கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கே அல்ல. துளைக்குள் அடைத்திருக்கும் பொருளும் அதில் உள்ள நிறமியும் காற்றுப்பட்டுக் கறுத்த நிறம் அது. தேய்த்தால் சோப்புதான் தேயும்.

நான்காவதுதான் உச்சம். காதல். 'யாரோ உன்ன சைட் அடிக்கிறாங்க, அதான் பரு.' பதின்ம வயசில் தொடங்கி இருபத்துச் சொச்சம் வரைக்குமான வயசுக்காரர்களில் சுமார் 85 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் பரு வருகிறது. அத்தனை பேரையும் யாரோ ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தால் ஊரில் வேறு வேலை எப்படி நடக்கும்?

நல்லவேளையாக 1941இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற ஆராய்ச்சியாளர், பழக்கவழக்கத்தை விசாரிக்காமல் ஹார்மோனை விசாரித்தார். வயசுக்கு வருமுன்னரே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்குப் பரு வருவதில்லை. அவர்களுக்கு ஆண் ஹார்மோனை ஊசியில் ஏற்றியதும் சிலருக்குப் பரு எட்டிப் பார்த்தது. கெட்ட சகவாசம், கணக்கு மார்க், சைட் அடித்த முகம் தெரியாத பெண் எல்லோரும் அன்றைக்கே நிரபராதிகள். தீர்ப்பு நகல் மட்டும் இன்னும் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

உற்பத்தி முறை

பரு உருவாகும் விதத்தை வேறு ஊர்க்காரர்களுக்குப் படம் போட்டு விளக்க வேண்டும். சிவகாசிக்காரர்களுக்கு ஒரு வெடியைக் கையில் கொடுத்தால் போதும்.

தோலில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலும் ஒரு காகிதக் குழாய். அதை ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி. அதில் ஊறும் சீபம் என்ற எண்ணெய், குழாய் வழியாக மேலே வந்து தோலை ஈரப்பசையோடு வைத்திருக்க வேண்டும். அதுதான் ஒப்பந்தம். வயசுக்கு வரும்போது ஆண்ட்ரோஜன் என்ற திரி பற்றுகிறது. பெயரைப் பார்த்து ஆண்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், பெண் உடம்பிலும் அது உண்டு. திரி பற்றியதும் சுரப்பி ஓவர்டைம் பார்க்கிறது, குழாயில் சரக்கு நிறைகிறது. அதே சமயம் குழாயின் வாயில் உதிர்ந்து போக வேண்டிய செத்த செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி, களிமண் வைத்து இடித்த மாதிரி இறுகி அடைத்துக்கொள்கின்றன. காற்றுப் போகாத அந்த எண்ணெய்க் குடோனுக்குள், எப்போதும் நம் தோலில் சாதுவாக வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா குடும்பம் பெருக்குகிறது. உடம்பின் நோய் எதிர்ப்புப் படை மோப்பம் பிடித்து வந்து சேர்கிறது. சிவப்பு, வீக்கம், வலி, சீழ். கடைசியில் குழாயின் சுவர் உடைகிறது.

அடைப்போடு நின்றுவிட்டால் அது நமுத்த வெடி. வெள்ளைப் புள்ளியாகவோ கரும்புள்ளியாகவோ கிடக்கும். சிவந்து சீழ் வைத்தால் குருவி வெடி. தோலின் ஆழத்தில் உடைந்து கட்டியாகித் தழும்பை விட்டுப் போனால் அணுகுண்டு. யாருக்கு எது என்பதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. 'யார் கண்ணு பட்டுச்சோ' என்று புலம்பும் அப்பா, தன் கல்லூரிக் கால போட்டோவை எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

குடோனில் தூங்கிய வைத்தியம்

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். மழை பெய்யாத ஊர், விவசாயத்தை நம்பினால் பட்டினி. தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு 1923இல் திரும்பினார்கள். அதுவரை ஸ்வீடன்காரனும் ஜப்பான்காரனும் அனுப்பிய குச்சியில்தான் நம் தாத்தாக்கள் கெத்தாகப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கு ஒட்ட லேபிள் வேண்டும் என்று அச்சகம் வந்தது. ஒரு கரிசல் காடு நாட்டுக்கே நெருப்பு சப்ளை செய்யும் ஊரானது.

இந்தத் தொழிலோடு மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய சரக்கு கந்தகம். தீக்குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டோடு கந்தகம். கருமருந்தில் வெடியுப்பு, கரியோடு கந்தகம். ஊர்க்காற்றிலேயே அதன் வாசனை உண்டு. கந்தக பூமி என்று சும்மா சொல்லவில்லை.

இந்தக் கந்தகம்தான் உலகத்தின் மிகப் பழைய பரு மருந்துகளில் ஒன்று. ரோமாபுரியில் தோல் வியாதிக்காரர்கள் கந்தக ஊற்றுகளில் போய்க் குளித்தார்கள். நம் சித்த வைத்தியர்கள் கந்தகத்தை நெய்யில் உருக்கிப் பாலில் ஊற்றி, அதைத் திரும்பத் திரும்பச் செய்து சுத்தி பண்ணி, கந்தக ரசாயனம் என்று தோல் நோய்களுக்குக் கொடுத்தார்கள். 1950இல் அமெரிக்காவில் ஐவன் கோம்ப் என்ற வியாபாரி கந்தகத்தையும் ரிசார்சினால் என்ற பொருளையும் குழைத்து, தோல் நிறத்தில் ஒரு கிரீமாக்கி, கிளியராசில் என்று பெயர் வைத்து விற்றார். பருவைக் குறைக்கவும் செய்யும், மறைக்கவும் செய்யும். அமெரிக்கப் பிள்ளைகள் டிவியில் ஆட்டம் பாட்டம் பார்த்துக்கொண்டே முகத்தில் கந்தகம் பூசினார்கள். அதே காலத்தில் சிவகாசிப் பையன் கந்தகக் குடோன் சுவரில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்துக் கடைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, 'இதுக்கு ஒரு வழியே கிடையாதா?' என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கந்தகம் தோலில் படும்போது செத்த செல்களின் பிடி தளர்கிறது, அடைப்பு கழல்கிறது, கிருமிகளும் கொஞ்சம் அடங்குகின்றன. கிரீம்களில் 3 முதல் 10 சதவிகிதம் வரை இருக்கும். கூலியாக லேசான அழுகின முட்டை வாசனை. இதைப் படித்துவிட்டு யாராவது மாமா கம்பெனியிலிருந்து ஒரு கை கந்தகத்தை அள்ளிவந்து குழைத்துப் பூசினால் தோல் வெந்துபோகும். அந்த மூட்டை முகத்துக்காக வரவில்லை.

மைதாவும் பேரியமும்

அடுத்த கதாநாயகன் இன்னும் வேடிக்கை. 1858இல் இங்கிலாந்தில் பெஞ்சமின் பிரோடி என்ற வேதியியலர், பென்சாயில் குளோரைடையும் பேரியம் பெராக்சைடையும் சேர்த்து பென்சாயில் பெராக்சைடு என்ற வெள்ளைப் பொருளைச் செய்தார். அவருடைய அப்பா அரச குடும்பத்துக்கே அறுவைச் சிகிச்சை செய்த பெரிய டாக்டர். மகன் சோதனைக் குழாயைக் குலுக்கிக்கொண்டிருக்கிறானே என்று அவருக்கு வருத்தம் இருந்திருந்தால், அது தேவையில்லாத வருத்தம். பிற்காலத்தில் உலகத்தில் பாதி காலேஜ் பிள்ளைகளின் மேசை டிராயரில் மகன் செய்த சரக்குதான் இருக்கப் போகிறது.

பேரியம் என்றதும் சிவகாசியில் காதைத் தீட்டிக்கொள்வார்கள். மத்தாப்பிலும் பச்சை வெளிச்சத்திலும் இருந்தது பேரியம் நைட்ரேட். 2018இல் சுப்ரீம் கோர்ட் பட்டாசில் பேரியம் உப்பு கூடாது என்று சொன்னபோது ஊரே தலையில் கை வைத்தது. அந்தப் பேரியத்தின் இன்னொரு உருவத்தில் பிறந்ததுதான் பரு மருந்து. தாய் வழிக் குணம் போகுமா? காய்ந்த நிலையில் சூடேறினாலோ உரசினாலோ பென்சாயில் பெராக்சைடும் வெடிக்கும். அதனால்தான் தொழிற்சாலைகளில் ஈரத்தோடு பத்திரப்படுத்துகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் ட்யூபில் அது இரண்டரை, ஐந்து, பத்து சதவிகிதம்தான், ஜெல்லில் கலந்து சாதுவாக இருக்கும். தோலில் பட்டதும் ஆக்ஸிஜனை விடும். காற்றே ஆகாத அந்தப் பாக்டீரியா அதில் சாகும். ஆன்டிபயாடிக்குக்குப் பழகிப்போய்த் தப்பிக்கிற பாக்டீரியாகூட இதற்குப் பழகுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இதற்கு இடம் உண்டு. பத்து சதவிகிதம் வாங்கினால் நாலு மடங்கு வேகம் என்று கணக்குப் போட வேண்டாம். இரண்டரையே கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும், எரிச்சல் குறைவு.

இதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. துணியை வெளுத்துவிடும். பாட்டி ஆசையாக வாங்கிக்கொடுத்த சிவப்புத் தலையணை உறையில் பேரனின் கன்னம் பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக நிற்கும். 'பயலுக்கு என்னவோ பண்ணுது' என்று பாட்டி மந்திரிக்கக் கூட்டிப்போனால் ஆச்சரியப்படக் கூடாது.

அந்த வெளுக்கும் குணத்தால் அதற்கு இன்னொரு வேலையும் கிடைத்தது. மைதாவை வெள்ளையாக்க உலகம் முழுக்கப் பயன்படுத்திய ரசாயனங்களில் ஒன்று இதே பென்சாயில் பெராக்சைடு. அதாவது, 'புரோட்டாவைத் தின்னுதான்டா உனக்கு முகமெல்லாம் பரு' என்று எந்த மாவைத் திட்டினோமோ, அந்த மாவை வெளுக்கவைத்ததும் பருவுக்கு மருந்தானதும் ஒரே ஆள். சரக்கு ஒன்று, டிபார்ட்மெண்ட் வேறு. இதைச் சாக்கு வைத்து ஆறு புரோட்டா சாப்பிட்டால் பரு போகும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

சிறைச்சாலையில் சாக்லெட்

வெள்ளைக்கோட்டுப் போட்டவர்களின் வண்டவாளமும் சின்னதல்ல. 1895இல் எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டதும், புது பொம்மை கிடைத்த சந்தோஷத்தில் சில வருடங்களிலேயே அதைப் பரு முகங்களில் பாய்ச்ச ஆரம்பித்தார்கள். எண்ணெய்ச் சுரப்பி சுருங்கியது, பரு குறைந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பாதியைத் தாண்டியும் இது நடந்தது. பல வருடம் கழித்து அதே ஆட்களில் சிலர் தைராய்டு புற்றுநோயோடு திரும்பி வந்தபோதுதான் கை தட்டல் நின்றது.

ஃபிலடெல்ஃபியாவில் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் இன்னொரு ரகம். 1969இல் வைட்டமின் ஏ அமிலத்தைத் தோலில் பூசினால் பருவின் அடைப்பு திறக்கிறது என்று அவரும் ஜேம்ஸ் ஃபுல்டனும் காட்டினார்கள். இன்றைக்கும் ட்ரெட்டினாயின், அடாபலீன் என்று அந்த வம்சம்தான் பரு சிகிச்சையின் முதுகெலும்பு. அதே கிளிக்மன் 1951 முதல் 1974 வரை ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலைத் தன் சோதனைக்கூடமாக்கியவர். கைதிகளில் பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவர்கள். என்ன பூசப்படுகிறது என்று சரியாகத் தெரியாமலே சில்லறைக் காசுக்கு முதுகைக் கொடுத்தார்கள். இந்த இடத்தில் மட்டும் சிரிப்பு வருவதில்லை.

அவர் கோஷ்டி 1969இல் இன்னொரு காரியமும் செய்தது. சாக்லெட் தின்றால் பரு வருமா என்று 65 பேரிடம் சோதித்தார்கள். அதில் 35 பேர் கைதிகள். ஒரு மாதம் நிஜ சாக்லெட், ஒரு மாதம் சாக்லெட் இல்லாத போலி மிட்டாய். வித்தியாசமே இல்லை, சாக்லெட் நிரபராதி என்று முடிவு வந்தது. செலவு செய்தது அமெரிக்கச் சாக்லெட் உற்பத்தியாளர் சங்கம். போலி மிட்டாயிலும் கிட்டத்தட்ட அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன. ஜீனியையும் சர்க்கரையையும் ஒப்பிட்டு ஒரே இனிப்புதான் என்று சர்டிபிகேட் கொடுத்த கதை. அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு பல்லாண்டு காலம் டாக்டர்கள், 'சாப்பாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லை' என்று அடித்துப் பேசினார்கள்.

புரோட்டா மீதான வழக்கு

அப்படியானால் விருதுநகர் புரோட்டா? சட்டியில் எண்ணெயில் மிதந்து, மொறுமொறுவென்று எழுந்து, சால்னாவில் மறுபடி குளிக்கும் அந்த ஜீவன் எத்தனை தலைமுறையாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது!

தட்டில் உள்ள எண்ணெய் நேராக நடந்துபோய் முகத்தில் வழியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் கூண்டில் எண்ணெயை நிறுத்திவிட்டு மைதாவைச் சாட்சியாக உட்கார வைத்ததுதான் தப்பு. ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவுகள், அதாவது மைதா, சீனி, குளிர்பானம், இன்சுலினைத் தூண்டிப் பருவை அதிகப்படுத்தலாம் என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பப்புவா நியூ கினியாவின் கிட்டாவா தீவில் கிழங்கும் மீனும் பழமும் தேங்காயும் தின்று வாழும் 1,200 பேரைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் பரு இல்லை. அங்கே புரோட்டாக் கடையும் இல்லை. பாலுக்கும் ஜிம் பையன்கள் கலக்கிக் குடிக்கும் வே புரோட்டீன் பவுடருக்கும் எதிராகவும் சில சாட்சியங்கள் இருக்கின்றன. பாலும் சீனியும் கைகோத்து நிற்கும் ஸ்ரீவில்லிப்புத்தூர் பால்கோவா இப்போது வக்கீல் தேடலாம். எல்லா முகத்துக்கும் இது பொருந்தாது என்பதால் ஜாமீன் நிச்சயம்.

தப்பித்துக்கொண்டே இருந்த உண்மையான எண்ணெய் தலையில் இருக்கிறது. எண்ணெய் வியாபாரத்தில் பேர் வாங்கிய விருதுநகரில் இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். தலையில் வழிய வழிய எண்ணெய் வைத்து, படிய வாரி, நெற்றிக்கு இறங்கி மினுங்க விட்டால், அது நெற்றியோரத் துளைகளை அடைத்து வரிசையாகப் பொரிப்பொரியாகக் கொண்டுவரும். கூந்தல் பூச்சுகளால் வரும் இந்த வகைப் பருவை 1970லேயே எழுதி வைத்திருக்கிறார்கள், அதே கிளிக்மன் கோஷ்டிதான். 'சூட்டைக் குறைக்கணும்' என்று பாட்டி உச்சியில் வைத்துத் தேய்த்த எண்ணெய் நெற்றியில் பருவாக முளைக்க, 'பாத்தியா, இன்னும் சூடு அடங்கல' என்று பாட்டி இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். பாட்டிகளின் மொத்த மருத்துவத்திலும் அப்பழுக்கில்லாமல் சரியாக இருந்த வாக்கியம் ஒன்றுதான்: 'கிள்ளாத!'

காலண்டர் கன்னங்கள்

இத்தனைக்கும் நடுவில் சிவகாசி அச்சகங்கள் இந்தியாவுக்கு ஒரு சத்தமில்லாத துரோகம் செய்தன. 1940களில் கோவில்பட்டியில் வந்து தங்கிய ஓவியர் கொண்டையராஜு, முருகனையும் மீனாட்சியையும் லட்சுமியையும் வரைந்தார். அவரும் அவர் சீடர்களும் வரைந்த படங்களைச் சிவகாசி அச்சடித்து வீட்டுக்கு வீடு மாட்டியது. அந்தக் கன்னங்களைப் பாருங்கள். ஒரு துளை கிடையாது, ஒரு தழும்பு கிடையாது. என்றும் பதினாறு வயசு என்று பேர் வாங்கிய முருகனுக்குக்கூடப் பதினாறு வயசுக்குரிய பரு ஒன்று கிடையாது. ஒரு சுவரில் அந்தக் காலண்டர், எதிர்ச் சுவரில் கண்ணாடி. நடுவில் நின்ற பிள்ளைகளின் கதி என்னவாகும்? அந்தப் படத்தை அச்சகத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கன்னம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இப்போது காலண்டரின் வேலையைச் செல்போன் ஃபில்டர் பார்க்கிறது. சிவகாசிக்கு அந்த ஆர்டர் போய்விட்டது.

அந்த ஏக்கத்தில்தான் வியாபாரம் புகுந்தது. ஒரு மஞ்சள் கிரீம் மருந்தா, அழகுப் பொருளா என்று விக்கோ நிறுவனமும் வரித்துறையும் பல வருடம் சுப்ரீம் கோர்ட் வரை மல்லுக்கட்டின. மருந்துதான் என்று விக்கோ ஜெயித்தது. அதிலாவது மஞ்சள்தான். மெடிக்கல் ஷாப்பில் நடந்தது இன்னும் மோசம்.

'அண்ணாச்சி, முகத்துக்கு நல்ல ட்யூபா ஒண்ணு குடுங்க.'

'கல்யாணமாப்பா?'

'வெள்ளிக்கிழமை.'

'இந்தா, மூணு நாள்ல பளபளன்னு ஆயிரும்.'

ஆகும். அதுதான் கொடுமை. அந்த ட்யூபில் இருப்பது பெரும்பாலும் பெட்டாமெத்தசோன் மாதிரியான ஸ்டீராய்டு. மூன்று நாளில் சிவப்பு அமுங்கும், நிறம் வெளுக்கும், வாட்ஸ்அப் டிபி மாறும். மாசக் கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, முடி முளைத்து, முன்பைவிடப் பல மடங்கு பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் எரியும். இந்தியாவில் 12 மையங்களில் முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரை விசாரித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. சட்டம் டெல்லியில் கிளம்பிவிட்டது. அண்ணாச்சி கடைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

அளவு தெரிந்த ஊர்

எனக்குப் புரியாதது ஒன்றுதான். பட்டாசு ஆலையில் கலவைக்கு எவ்வளவு சரக்கு என்று கிராமில் நிறுப்பார்கள். பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும், இரும்புக் கருவி கூடாது, வெயில் ஏறுமுன் மருந்துக் கலவை முடிய வேண்டும். குளோரேட்டும் கந்தகமும் பட்டாசில் ஒன்றாகச் சேரக் கூடாது என்று 1992லேயே தடை. எதோடு எது சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட ஊர் இது. வீட்டுக்கு வந்து முகம் கழுவிய அடுத்த நிமிஷம் அத்தனை விதியும் காற்றில் போய், எலுமிச்சம்பழத்தோடு பேஸ்ட், பேஸ்ட்டோடு மாமா கொடுத்த ட்யூப், அதற்கு மேல் யூட்யூப் அக்கா சொன்ன சோடா உப்பு. எலுமிச்சை தோலை எரிக்கும், பேஸ்ட் புண்ணாக்கும், சோடா உப்பு தோலின் இயல்பான அமிலக் காப்பைக் கெடுக்கும். எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஃபோர்மேனைக் கேட்டால் அவரே ஓடிவிடுவார்.

முறையான சிகிச்சை அலுப்புத் தட்டும் அளவுக்கு எளிமையானது. ராத்திரியில் பட்டாணி அளவு அடாபலீன் அல்லது ட்ரெட்டினாயின், அது அடைப்பைத் திறக்கும். பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் கவனிக்கும். சீழ் அதிகமானால் டாக்டர் கொஞ்ச காலத்துக்கு ஆன்டிபயாடிக் சேர்ப்பார், அதை மட்டும் தனியாகப் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் பருவும் தாடை முடியும் சேர்ந்து வந்தால் ஹார்மோனைச் சோதிக்க வேண்டும். தழும்பு விழும் கடும் பருவுக்கு 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்டு. சுரப்பியையே சுருக்கும் பலசாலி. ஆனால் கர்ப்பத்தில் உள்ள குழந்தைக்குக் கொடிய பாதிப்பு வரும் என்பதால் டாக்டரின் கண்காணிப்பில்லாமல் தொடவே கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களுக்கு அடாபலீன், ட்ரெட்டினாயின் பூச்சும் வேண்டாம். முன்பெல்லாம் பெரிய டாக்டர் என்றால் மதுரைக்கு பஸ் ஏற வேண்டும். 2022 ஜனவரியில் விருதுநகருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எரிநட்சத்திரத்துக்குக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இனி யாருக்கும் இல்லை.

எந்த மருந்துக்கும் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். முதல் சில வாரம் தோல் காயும், உரியும், சிலருக்குப் பரு கூடின மாதிரிகூட இருக்கும். அங்கேதான் பாதிப் பேர் ட்யூபைத் தூக்கி எறிகிறார்கள். ஒரே ஒரு தீபாவளி ராத்திரிக்காக வருஷம் முழுக்க உட்கார்ந்து திரி சுற்றும் ஊரில், வெள்ளிக்கிழமைக்குள் முகம் தெளியவில்லை என்று மருந்தை மாற்றுவது நியாயமே இல்லை.

மருந்து பாட்டுக்கு வேலை செய்யட்டும். அதுவரை கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது உங்கள் முகத்தை உற்றுப் பார்த்து, 'என்னப்பா இது, முகமெல்லாம் பரு?' என்று கேட்டால், சூடு, புரோட்டா, சைட் என்று எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். 'ஆண்ட்ரோஜன்' என்று மட்டும் சொல்லுங்கள். அவர் அதைச் சிவகாசியில் வந்திருக்கும் புது வெடி என்று நினைத்துக்கொண்டு, 'ஃபேக்டரி ரேட்டுக்கு ரெண்டு பெட்டி கிடைக்குமா?' என்று கேட்பார்.